நூற்று நாற்பது இலக்க எண்ணும் ஒரு சந்தனப் பொட்டும்

கவிதா, சரவணா,

என் பணி ஓய்வு விழா முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, என் கழுத்து மாலையை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டே சரவணன் கேட்டான்: "ஏம்ப்பா, கதவத் தெறந்து மூடுனதுக்கா இத்தன பேரு பேசுனாங்க?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். மேடையில் பேசியவர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள். நேரத்துக்குத் திறப்பார், நேரத்துக்குப் பூட்டுவார், நல்ல மனிதர். ஆனால் கவிதா விடவில்லை. "அந்த நம்பர் கதைய எழுதி வைங்கப்பா" என்று போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறாள். கல்லூரியில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் அறையை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டப் போகிறார்கள் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. கணக்கில் பிசகு இருந்தால் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் என்னை வேதியியல் ஆய்வகத்தில்தான் போட்டார்கள். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, அமில பாட்டிலை அடியில் கை கொடுத்துத் தூக்குவது, மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது என்று சில வருடம் போனது. பிறகு கணிதத் துறையில் கம்ப்யூட்டர் லேப் வந்தது. அங்கே லேப் அட்டெண்டராக மாற்றினார்கள். அதியமான்கோட்டை பஸ் நிறுத்தத்தில் சேக்காளிகள் ஓட்டாத நாள் இல்லை. "கணக்குக்கு எதுக்குடா லேப்பு? பிளஸ்ஸையும் மைனஸையும் கழுவிக் கவுத்து வெப்பியா?" என்பார்கள்.

வேலை என்னவென்றால், காலையில் வந்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு மெயினைப் போட வேண்டும். ஸ்டெபிலைசர் முள் நிலைக்கு வரும்வரை நிற்க வேண்டும். அப்புறம்தான் யுபிஎஸ். அதற்கும் அப்புறம் கம்ப்யூட்டர்களை வரிசை வரிசையாக, இடைவெளி விட்டு எழுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போய்விடும். மூடியிருந்த துணி உறைகளைத் தூசிப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடிக்க வேண்டும். ஹைவே பக்கத்தில் இருக்கிற கல்லூரி, தூசிக்குக் குறைவே கிடையாது. பேட்டரிகளுக்கு மாதா மாதம் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். மாலையில் இதே எல்லாம் தலைகீழ் வரிசையில். பிசகாமல் செய்துகொண்டிருந்தேன்.

தேவகி மேடம் துறைத் தலைவராக வந்த பிறகுதான் இந்த வரிசை மாறியது.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறந்திருக்கிற கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். "செய்யுங்க" என்று ஒரு வேலையும் சொன்னதில்லை. "முடியுமா, முனியப்பன்?" என்பார். முடியாது என்றால் அதற்கும் தலையாட்டுவார். மத்தியானச் சாப்பாட்டை டப்பாவைக் கையில் பிடித்தபடி, நின்றுகொண்டே, திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். எது கெட்டுப் போனாலும், எலி ஒயரைக் கடித்தாலும், தேர்வு நேரத்தில் கரண்ட் போனாலும், அவரிடமிருந்து வருவது ஒரே பேச்சுத்தான்: "சரி. அப்புறம்?" கோபித்துக்கொள்வார் என்று பயந்து நிற்பவனுக்கு, அந்த "அப்புறம்?" ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் வந்து கேட்டார். "சாயங்காலம் நீங்க எல்லா கம்ப்யூட்டரையும் நிறுத்திட்டுப் போறீங்க இல்ல? அதுக்குப் பதிலா, ஒவ்வொண்ணுலயும் நான் தர்ற ஒரு கணக்க ஓட விட்டுட்டுப் போக முடியுமா? காலையில வந்து, வந்த விடைய எல்லாம் ஒரு பென் டிரைவ்ல எடுத்து வைக்கணும்."

"எத்தன நாளைக்குங்க மேடம்?"

"தெரியல. மாசக்கணக்குல ஆகலாம்."

என்ன கணக்கு என்று கேட்டேன். ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரே ஒரு எண். ஒரு வரியில் அடங்காமல் மடிந்து மடிந்து வந்திருந்தது. நூற்று நாற்பது இலக்கம்.

பிள்ளைகளே, பதினைந்தைப் பிரித்தால் மூன்றும் ஐந்தும் வரும். அது பகு எண். பதிமூன்றைப் பிரிக்க முடியாது. அது பகா எண். இது உங்களுக்கே தெரியும். தொண்ணூற்றொன்றைப் பார்த்தால் பிரியாது போலத் தோன்றும். ஆனால் ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. எண் பெரிதாக ஆக, இந்த ஏமாற்று வேலையும் பெரிதாகிவிடும். மேடம் கொடுத்த எண் பகு எண்தான், அது நிச்சயமாகத் தெரியும். ஆனால் எந்த எண்ணை எந்த எண்ணால் பெருக்கினால் அது வரும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

எனக்கு அது பிடிபடவில்லை. "துண்டு என்னன்னு தெரியாம, உடையும்னு மட்டும் எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"மண்பானை வாங்கறப்ப என்ன பண்ணுவீங்க?"

"தட்டிப் பாப்பங்க."

"விரிசல் இருந்தா?"

"சத்தத்துலயே தெரிஞ்சிரும்."

"விரிசல் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"அது தெரியாதுங்க."

"அவ்வளவுதான். இந்த எண்ணத் தட்டிப் பாத்துட்டாங்க. விரிசல் இருக்கு."

இப்படி இன்னும் யாரும் உடைக்காத எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறதாம். உலகத்தில் பல ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு எண்ணை எடுத்து, நான் முயற்சி செய்கிறேன் என்று பெயர் கொடுத்து வைப்பார்களாம். மேடம் இந்த எண்ணுக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

"இதனால யாருக்குங்க மேடம் பிரயோசனம்?"

"ஒருத்தருக்கும் இல்ல." அவரே சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னால ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன், முனியப்பன். குழந்த, மாமியாருக்கு உடம்பு, அப்புறம் அவருக்கு உடம்பு. பாதியிலயே நின்னு போச்சு. ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரே ஒரு கணக்க ஆரம்பிச்சு முடிக்கணும். அது போதும்."

அன்றைக்கே மாலையில் கணக்கை ஓட விட்டேன்.

இரண்டு, மூன்று, நான்கு என்று வகுத்துக்கொண்டே போனால் சூரியன் அணைந்தாலும் முடியாதாம். அதனால் வேறு வழி. சல்லடை என்று அதற்குப் பெயர். அந்தப் பெரிய எண்ணை நேரே தொடுவதில்லை. அதோடு சம்பந்தப்பட்ட வேறு எண்களைக் கோடி கோடியாகச் சலித்து, சின்னச் சின்னதாக உடைகிறவற்றை மட்டும் பொறுக்கி வைப்பது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பங்கு. எந்த இயந்திரத்துக்கு எந்தப் பங்கு என்று மேடம் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். நான் அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவேன். கேழ்வரகைச் சலித்துக் கல் பொறுக்குவது போலத்தான். ஆனால் இங்கே நமக்கு வேண்டியது அந்தக் கல்.

மின்வெட்டு நாள்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் விசிறியால் விசிறிக்கொண்டு படித்தபோது, லேபிலும் அதே கதைதான். கரண்ட் போகும், சலித்தது பாதியில் நிற்கும். காலையில் போய்ப் பார்த்து, எது எங்கே நின்றது என்று மேடத்திடம் சொல்வேன். "சரி. அப்புறம்?" மறுபடி போடுவேன். இப்படியே கோடை போய், ஆடி போய், புரட்டாசி வந்தது. பொறுக்கிய கல் போதும் என்றார் மேடம்.

இனி அவை எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் கொட்டி, எதோடு எது சேரும் என்று பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் விடாமல் ஓட வேண்டும். இருந்ததில் நல்ல இயந்திரமாக, சன்னலோர வரிசையின் கடைசியில் இருந்ததை எடுத்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு உத்தரவு வந்தது. பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் கழித்துக் கட்டுகிறார்கள். பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் அன்று லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். புதியவை தை மாதத்துக்கு மேல்தான் வரும். மேடத்துக்கோ அந்த மார்கழியோடு பணி முடிகிறது.

ஆகவே விடுமுறை முழுக்க அந்த ஒரு இயந்திரம் ஓடியாக வேண்டும். ஆனால் அது ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்கு லேபைத் துடைத்து, எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்து, மெயினை இறக்கிப் பூட்டுவது நான்தான். எங்கள் அப்பா அன்றைக்கு மண்வெட்டியைத் தொடக்கூட விடமாட்டார். நமக்காக வருடம் பூராவும் உழைக்கிற பொருளுக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுக்காதவன் மனிதனா என்பார். அந்தப் பேச்சு என் ரத்தத்தில் ஊறியது. மேடம் "முடியுமா?" என்று கேட்டபோது, முதல் முறையாக "யோசிக்கணுங்க மேடம்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அப்போது நம் கொட்டகையில் பட்டுப்புழு கடைசிப் பருவத்தில் இருந்தது. அவள் தழையை அறுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, ஆயுத பூஜைக்கு இந்தக் கத்திக்குப் பொட்டு வெக்கறமே, அன்னிக்கி தழ அறுக்காம இருக்கறமா?"

"அது எப்படி இருக்கறது? புழு செத்துப் போவுமே."

"அப்ப அந்த அம்மா வளத்தற புழு மட்டும் பட்டினி கெடக்கட்டுமா?"

மறுநாள் காலையில் மேடத்திடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்லூரி முதல்வர் வேறு கவலைப்பட்டார். "ஓய்வு கீய்வு எல்லாம் இருக்கட்டும், முனியப்பா. லீவுல ஒயர் பத்திக்கிச்சின்னா யாருப்பா பதில் சொல்றது?"

"நான் வந்து கூடவே உக்காந்துக்கறங்க ஐயா."

"லீவுலயா? உன் வூட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"வூட்டுல சொல்லித்தாங்க வந்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு, "வாட்ச்மேன்கிட்டயும் சொல்லி வை" என்று அனுமதி கொடுத்தார்.

விடுமுறைக்கு முந்தைய நாள் மத்தியானம் லேபில் பூஜை. பொரி, கடலை, வாழைப்பழம், வாசலில் உடைக்கப் பூசணிக்காய். மற்ற கம்ப்யூட்டர்களை எல்லாம் அணைத்து உறை போட்டாயிற்று. கடைசியில் இருந்தது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் இந்த மாதிரி சமயங்களில் ஓரமாகக் கைகட்டி நிற்பார், பொரி வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். சாமி விஷயத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டிப் பெருக்குகிற சின்னப்பொண்ணு அக்காதான் அன்றைக்கு அவரை விடவில்லை.

"அம்மா, நீங்களே ஒரு பொட்டு வையுங்கம்மா. நீங்க வளத்த புள்ள."

மேடம் தயங்கினார். பிறகு கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர். பொட்டை எங்கே வைப்பது என்று இயந்திரத்தின் முகத்தைப் பார்த்தார். நடுவில், வட்டமாக, நெற்றி மாதிரி ஒரு இடம் இருந்தது. அங்கே விரலை வைத்து, பயபக்தியோடு அழுத்தினார்.

அது பவர் பட்டன்.

திரை கறுத்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெதுவாக அடங்கி நின்றது. தட்டில் கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"சாமி கண்ண மூடிக்கிச்சே" என்றார் சின்னப்பொண்ணு அக்கா, மெதுவாக.

மேடம் விரலை எடுக்கவே இல்லை. சந்தனத்தோடு அப்படியே நின்றார். வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக, நடுநடுவே சேமிப்பதை அவரே குறைத்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். கடைசியாகச் சேமித்தது முந்தின நாள் சாயங்காலம். கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை போயிற்று. இனி திரும்ப ஓடினால், லாரி வருகிற அன்று முடியுமா முடியாதா என்று சொல்ல முடியாது. அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அதனால் நானே சொன்னேன். "சரிங்க மேடம். அப்புறம்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. பிறகு சிரித்தார். சின்னப்பொண்ணு அக்காவும் சிரித்தார். "அம்மா, அதுக்கும் ஓய்வு வேணும்னு கேட்டு வாங்கிக்கிச்சு, வுடுங்க" என்றார். துணியால் பட்டனைத் துடைத்தேன். மேடம் இயந்திரத்தை எழுப்பி, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கணக்கைத் தொடங்கி வைத்தார்.

விடுமுறையில் நான் வெளிச்சம் இருக்கும்வரை அங்கேயே இருந்தேன். அதற்கப்புறம் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டார். வத்தல்மலைப் பக்கம் மேகம் கறுத்தாலே யுபிஎஸ் பக்கம் போய் நின்றுகொள்வேன். நினைத்தபடியே மழை வந்தது, கரண்டும் போனது. வழக்கமாக எங்கள் பேட்டரிகள் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அன்றைக்கு மழை விட்டு, கம்பியைச் சரிசெய்து, கரண்ட் திரும்ப வரும்வரைக்கும் தாங்கின. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. மற்ற இயந்திரங்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வில் இருந்தன. அத்தனை பேட்டரியும் இந்த ஒன்றுக்கே உழைத்தன. அப்பா சொன்னதும் பொய்யில்லை, உங்கள் அம்மா சொன்னதும் பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரி திறந்த அன்று காலை, பொருத்துகிற வேலை முடிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு படி பாக்கி. லாரியும் வந்துவிட்டது.

லோடுமேன்கள் மற்ற கம்ப்யூட்டர்களைத் தூக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் பெரியவர் எங்களிடம் வந்தார். "அண்ணே, இது ஒண்ணு எப்பண்ணே?"

"கொஞ்ச நேரம்ப்பா. உள்ள கணக்கு ஓடுது."

"கணக்கு ஓடுதா? நமக்கு வண்டி ஓடணும்ணே."

கடைசிப் படியில், பொருத்தி வந்த வழிகள் சில கையில் இருக்கும். ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சில வழியில் துண்டு கிடைக்கும். சில வழியில் அந்தப் பெரிய எண்ணும் ஒன்றும் மட்டும் வந்து நிற்கும். எந்த எண்ணையும் ஒன்றால் பெருக்கினால் அதே எண்தானே, அதனால் அது விடையே இல்லை. காசு சுண்டுகிற மாதிரி, பூவா தலையா என்றார் மேடம்.

முதல் வழி முடிந்தது. அதே எண்ணும் ஒன்றும்.

இரண்டாவது. அதே எண்ணும் ஒன்றும்.

முதல்வர் வந்து எட்டிப் பார்த்தார். லோடுமேன் அவரிடம் முறையிட்டார். "சார், இந்தம்மா வுட மாட்டேங்கறாங்க." முதல்வர் திரையைப் பார்த்தார், மேடத்தின் முகத்தைப் பார்த்தார். "டீ சாப்பிட்டீங்களாப்பா?" என்று லோடுமேன்களைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்த மனிதரை அதற்காகவே இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதும் அதே.

"எத்தன வழிங்க மேடம் இருக்குது?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். ஆனால் குரலில் தெம்பில்லை. எல்லாமே அப்படிப் போனால் திரும்பப் பொருத்த வேண்டும். அதற்கு இயந்திரம் இருக்காது.

நான்காவது ஓடும்போது டீ குடித்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். லோடுமேன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். திரையில் இரண்டு வரி வந்தது. இரண்டும் நீளமான எண்கள். ஒன்று கொஞ்சம் குட்டை, ஒன்று கொஞ்சம் நெட்டை. தனியாக நிற்கிற ஒன்று எங்கும் இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்தார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றினார். "முனியப்பன், எனக்குச் சரியாத் தெரியல. படிக்க முடியுமா?"

பிரின்டர் ஏற்கெனவே லாரியில் இருந்தது. நான் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன், அவர் தாளில் எழுதினார். நடுவில் லோடுமேன் கேட்டார்: "இன்னாங்க இது, பேங்க் அக்கவுண்ட் நம்பரா?"

"ஆமாம்ப்பா" என்றார் மேடம். "ரொம்ப நாளா யாரும் எடுக்காத அக்கவுண்ட்."

எழுதி முடித்து, பட்டியல்காரர்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து, லோடுமேனுக்கு வழி விட்டார். "எடுத்துக்குங்கப்பா. முடிஞ்சுது." அந்த "முடிஞ்சுது"வை அவர் சொன்ன விதத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பல வருடமாகத் தூக்கி வந்த குடத்தை இறக்கி வைப்பவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டேன். அந்த இரண்டு எண்களையும் அவர் கையாலேயே இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "பிரிக்கத்தான் இத்தன மாசம், இத்தன கம்ப்யூட்டர். திருப்பிச் சேக்கறதுக்கு நாலாங்கிளாஸ் பெருக்கல் போதும்."

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. உங்கள் அம்மா பட்டுக்கூடு விற்க தருமபுரி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. தேதி கிழித்த பெரிய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தைத் தரையில் ஒட்டி ஒட்டி விரித்தேன். மேலே நெட்டையான எண்ணை எழுதினேன். அதற்குக் கீழே, வலது ஓரம் நேராக வரும்படி, குட்டையான எண்ணை எழுதி ஒரு கோடு கிழித்தேன். முடிக்கப் பல நாள் பிடிக்கும் என்று தெரியும். மேலே கடைசி இலக்கம் ஒன்பது, கீழே ஏழு. ஏழு ஒன்பது அறுபத்து மூன்று. மூன்றை எழுதி, ஆறை மனதில் வைத்துக்கொண்டேன்.